எதிர் வீட்டுச் சாட்சி

ஆம்பூர்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் அக்சாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஜெஸ்டன் குட்டியும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாயிருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் கேட்டுக்கொள்கிறோம். மனசைப் பற்றி முதல் வரியிலேயே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன், அது தானாக வரும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற அப்பாவுக்குத் திடீரென்று இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் என் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். டேனரியில் தோல் ஊறுகிற டிரம் சுற்றும் இடத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றவன் நான், பக்கத்தில் இருப்பவனிடம் உப்பை எடு என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும், அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் போன மாதம் அம்மாவின் சுகர் ரிப்போர்ட்டை உனக்கு அனுப்புவதாக நினைத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன், அதிலிருந்து அம்மா என் போனை நம்புவதில்லை. நல்ல காலமாக உனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ரஃபத் ஜஹான் டீச்சர் தன் மகனைப் பார்க்க டப்ளினுக்கு வருகிறார். இதை ஒட்டிய கவரில் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே மக்கன் பேடா அரைக் கிலோவும் மிளகாய்த்தூளும் இருக்கிறது, தூளை ஃப்ரிட்ஜில் வை.

இங்கே மழை இந்த வருடம் கம்மி. கொல்லைப்புறச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, கொத்தனார் நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன் என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி, ஆனால் ரேஷன் கடைக்கு என்னை அனுப்பமாட்டாள், நான் போனால் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வருவேனாம். அவள் போவதற்கு வேறொரு காரணமும் இருந்தது, அதைத்தான் எழுதப் போகிறேன். போன வாரம் போனில் எதிர் வீட்டுச் சோபனாவை அழைத்துப்போக அவள் மாமியார் வீட்டார் வருவதாக இருந்து கடைசியில் வராமலே போய்விட்டார்கள் என்று சொன்னபோது, நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அவ அப்பா பண்ணதுக்கு நல்லா வேணும் என்று சொன்னாய். நான் ஜெஸ்டனிடம் போனைக் கொடு என்று பேச்சை மாற்றினேன். அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. அவர்கள் வராமல் போனதற்குக் காரணம் அவள் அப்பா கோதண்டபாணி இல்லை அக்சா. நான்தான்.

கோதண்டபாணி நம்மைப் பகைக்கிறவர் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே டேனரி, அவர் டைம் ஆபீஸ், நான் டிரம். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் பார்த்தும் பார்க்காதவர் போல் சரியான நேரத்தையே கார்டில் குத்திவிடுவார். அவர் தம்பி நவநீதனை ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனது நான், அவன் ஞானஸ்நானம் எடுத்தபோது பக்கத்தில் நின்றதும் நான். அடுத்த வருடம் அவர்கள் தாயார் இறந்தார்கள். அவர்கள் முறைப்படி தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நவநீதன் என்னிடம் வந்து இன்னா அண்ணா பண்றது என்று அழுதான். நான் யோசிக்கக்கூட இல்லை, நீ போகக் கூடாது, உறுதியா நில்லு என்று சொல்லிவிட்டேன். அவன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான், உள்ளே போய்த் தாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊரே பார்க்கக் கோதண்டபாணி தம்பி செய்ய வேண்டியதைத் தான் செய்தார். அதற்குப் பிறகுதான் நம்மேல் தாலுகா ஆபீசில் மனு, போலீஸ், கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களைத் தெரு முனையிலேயே திருப்பி அனுப்பியது, உன் கல்யாணத்தன்று பேண்டு செட்டை மறித்து நிறுத்தியது எல்லாம். நீ பட்டுப்புடவையோடு காரில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. ஆனால் அவருடைய கோபம் எங்கே பிறந்தது என்பதை உனக்கு ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் அதில் நான் வருவேன். நவநீதன் இப்போது ஓசூரில் இருக்கிறான், எந்தக் கோவிலுக்கும் போவதில்லையாம்.

பத்து வருடமாக நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லாத நாள் இல்லை, நீயும் கூட ஆமென் சொல்லியிருக்கிறாய். எங்களைப் பகைக்கிற கோதண்டபாணியை மாற்றும் ஆண்டவரே என்று கேட்பேன், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, என் குரலில். சத்துருவுக்காக ஜெபிக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. மாற்றும், மாற்றும் என்றுதான் கேட்டேன், அவர் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று ஒருநாள் கேட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

சோபனா விஷயம் இதுதான். திருப்பத்தூரில் அவள் புருஷன் செந்தில்குமார் வீட்டில் பெரிய மனஸ்தாபம், மூன்று மாதமாகத் தாய்வீட்டில் இருந்தாள். ஆகஸ்டில் ஒருநாள் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டாள். ஆண்டவர் காப்பாற்றினார், நான்கு நாள் ஆஸ்பத்திரி, இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொல்லி மூடிவிட்டார்கள், மாமியார் வீட்டுக்கும் அப்படித்தான். இதை அவள் தாய் கண்ணம்மாள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், உன் அம்மாவிடம். கண்ணம்மாள் புருஷனுக்குப் பயந்து தெருவில் நம்மோடு பேசமாட்டாள், ஆனால் ரேஷன் கடை வரிசையில் இவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள், மாதத்துக்கு இரண்டு தடவை, பத்து வருடமாக அப்படித்தான் அவர்கள் சிநேகம் நடந்தது. அன்றைக்குப் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, உங்க சாமிகிட்ட நீ மட்டும் சொல்லு ஜெயசீலி, வேற யாருக்கும் தெரிய வேணாம் என்று கேட்டிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். புருஷனிடம் சொன்னால் வெளியே போகாது என்று நம்பினாள் பாவம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஜெப விண்ணப்பப் பெட்டியில் அவள் போட்ட சீட்டில் பெயர்கூட இல்லை, ஒரு தாயின் மகள், குடும்ப சமாதானம், அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

சீட்டுகளை மைக்கில் வாசிப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும், பதினெட்டு வருடமாக அந்த மைக்கை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு ஜெப வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அனல், கதவையெல்லாம் திறந்து ஸ்பீக்கர் பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். அம்மாவின் சீட்டு என் கைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஒரு வேகம். வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இந்த மகள் யார் தெரியுமா, பத்து வருஷம் இந்தத் தெருவில் நம்மை எதிர்த்து நின்ற வீட்டின் மகள், மாத்திரை விழுங்கி மரண வாசல் வரைக்கும் போய் வந்த மகள், எதிர்த்த வீடே இன்றைக்கு நம்மிடம் ஜெபம் கேட்டு வந்திருக்கிறது என்று முழங்கிவிட்டேன். உள்ளே எல்லோரும் ஸ்தோத்திரம் என்று சத்தமிட்டார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது, அது அந்தப் பெண்ணுக்காக வந்த கண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன். அம்மா மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன், முட்டிவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். அது ஷூ கம்பெனிக்காரர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடக்கிற நேரம், தெரு நிறைய ஆள். சோபனாவின் நாத்தனார் அந்தக் கம்பெனியில்தான் தையல் லைனில் இருக்கிறாள், அவளோடு வேலை செய்கிற யாரோ கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து பெரியவர்கள் வந்து சமாதானம் பேசி அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. நாங்கள் ஆராதனைக்குக் கிளம்பும்போதே கோதண்டபாணி வாடகை நாற்காலி ஆறு கொண்டுவந்து வாசலில் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேசரி வாசனை நம் வீடு வரைக்கும் வந்தது. பன்னிரண்டரைக்கு நாங்கள் திரும்பும்போதும் ஆறு நாற்காலியும் காலியாகத்தான் இருந்தன. மூன்று மணி வரைக்கும் கண்ணம்மாள் வெளியே வந்து தெரு முனையைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். சாயங்காலம் போன் வந்ததாம். சாகத் துணிஞ்ச பொண்ணு, இங்க வந்து ஏதாவது பண்ணிக்கிட்டா எங்க மேல கேஸ் வரும், எங்களுக்கு வேணாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ரேஷன் கடையில் கண்ணம்மாள் அம்மாவுக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னால் வந்து நேராக முகத்தைப் பார்த்து, உன்கிட்ட சொன்னேன் ஜெயசீலி, ஊர்கிட்ட சொல்லல என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி வாங்காமலே போய்விட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குச் சமைக்கவும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அன்றைக்கே நான் தெருவைக் கடந்தேன். இருபது அடி அகலத் தெரு, பத்து வருடத்தில் முதல் தடவை. கோதண்டபாணி திருப்பிக் கொடுப்பதற்காக நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். தப்பு பண்ணிட்டேன் கோதண்டம், மன்னிச்சுடு என்றேன். அவர் கத்தவில்லை அக்சா. அந்த மனுஷன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. பத்து வருசமா உன்ன வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன், மனு போட்டேன், பேண்டை நிறுத்தினேன், எல்லாம் உன்னோட எனக்கிருந்த சண்டை, ஒரு நாளாவது உன் பொண்ணப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசியிருக்கேனா என்று கேட்டார். உன் பொண்ண விசாரிக்க இந்தத் தெருவுக்கு வந்தாங்களே, மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க, நான் இன்னா சொன்னேன்னு உன் சம்பந்தியக் கேளு என்று சொல்லிவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு வேலூருக்குப் போன் போட்டேன். உன் மாமனார் முதலில் அதெல்லாம் இப்போது எதற்கு என்றார், பிறகு சொன்னார். பெண் எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம் இல்லையா, நம் வீட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறதே என்று கோதண்டபாணி வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். அவர் நம்மேல் மனு போட்டிருந்த சமயம் அது. கோதண்டபாணி அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அந்த ஆளோட எனக்கு ஆகாது, அவன் பேச்சே எங்கிட்ட எடுக்காதீங்க, ஆனா அந்தப் பொண்ணு தங்கம், என் பொண்ணோட ஒண்ணா வளந்த பொண்ணு, கண்ண மூடிக்கிட்டு கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். உன் மாமனார் சொன்னார், ஆகாதவர் வாயிலிருந்தே இப்படி ஒரு வார்த்தை வந்த பிறகு நாங்கள் வேறு யாரையும் கேட்கவே இல்லை, அப்படியே திரும்பிவிட்டோம் என்று. இதை ஏன் இத்தனை நாள் எனக்குச் சொல்லவில்லை என்றேன். சொல்ல வேணாம்னு அவருதான் கேட்டுக்கிட்டாரு என்றார். ஏழு வருடம் அக்சா. சபையில் உன் கல்யாணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதெல்லாம் ஆண்டவர் அற்புதமாகக் கதவைத் திறந்தார் என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். அவர் திறந்த கதவு எது என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். நம் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது அவர் நல்லது சொன்னார். அவர் பெண்ணைப் பற்றி யாரும் கேட்காமலே நான் ஊருக்கு அறிவித்தேன். சத்துருவை நேசிக்க வேண்டும் என்று தினமும் படிக்கிறவன் நான், அதைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தவர் அவர். வெட்கமாக இருக்கிறது.

மறுபடி அவரிடம் போய், நான் திருப்பத்தூருக்கு வந்து அவர்கள் காலில் விழுகிறேன் என்று சொன்னேன். வேணாம், நீ எதுவும் பண்ணாத, எங்க விசயத்துல நீ வாயத் தொறக்காம இருந்தா அதுவே போதும் என்றார். பாஸ்டர் அடுத்த வெள்ளிக்கிழமை சபைக்கு முன்னால் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேளுங்கள் ஐயா, மனபாரம் குறையும் என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது, என்ன பேசுவது என்று மனசுக்குள் கோர்க்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் அம்மா மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள், மறுபடியும் மைக்கா என்று கேட்டாள். அதோடு மைக்கைப் பாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை பின்னால் தூணோரம் உட்காருகிறேன். வீட்டில் உதடு அசையாமல் ஜெபிக்கப் பழகுகிறேன், பழக்கமில்லாததால் பாதியில் தூங்கிவிடுகிறேன், ஆண்டவருக்கு என் கஷ்டம் தெரியும். கோதண்டபாணியை மாற்றும் என்று இப்போது கேட்பதில்லை. அந்தப் பெண் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நேற்று முன்தினம் காலையில் சோபனா கலவையில் இருக்கிற தன் சித்தி வீட்டுக்குப் போனாள். இங்கே இருந்தால் வாசலில் நிற்க முடியவில்லையாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். ஆட்டோ வந்து நின்றது, கோதண்டபாணி பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். துரும்பாக இளைத்திருக்கிறாள். மாமா, அக்சா நல்லாருக்காளா, பையனுக்கு இப்ப எத்தன வயசு என்று கேட்டாள். எனக்கு எவ்வளவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. நல்லாருக்கா மா, நாலு வயசு என்று மட்டும் சொன்னேன். கோதண்டபாணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் மகளைப் பேசாதே என்று தடுக்கவில்லை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய் அவள் புது நம்பரைக் கேட்டாள். எழுத எதுவும் கையில் இல்லை, பத்து எண்களையும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் எழுதினாள். கண்ணம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வெளியே வரவில்லை. இன்னும் ரேஷன் கடைக்குத் தனியாகத்தான் போகிறாள், அம்மா கிளம்புவதைப் பார்த்தால் நின்றுவிடுகிறாள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவளைக் கூப்பிடு. நீயும் அவளும் எப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தீர்கள், பேண்டு செட் விவகாரத்துக்குப் பிறகு நீதான் அவள் போனை எடுப்பதை நிறுத்தினாய், அதை நான் பார்த்தும் சும்மா இருந்தேன், அதுவும் என் தப்பு. கூப்பிட்டு உன் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிப் பேசு, ஜெஸ்டன் பண்ணும் சேட்டையைச் சொல், அவள் அழுதால் அழட்டும். உபதேசம் பண்ணாதே. சபைக்கு வா என்று சொல்லாதே. உனக்காக ஜெபிக்கிறேன் என்றும் சொல்லாதே அக்சா, அந்த வார்த்தையை அவள் காதில் விழும்படி நான் ஒருதரம் சொல்லிவிட்டேன், அது போதும். ஜெபம் பண்ணு, ஆனால் அது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் அப்பா உன்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையையும் இப்போது அவளிடம் சொல்லாதே, அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, நாம் அதையாவது காப்போம். நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை, அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அன்றைக்கு அவர் உன்னைத் தன் பெண்ணோடு சேர்த்துச் சொன்னார் என்பதை மட்டும் மனசில் வை.

இதை எழுதி முடித்ததும், என்ன எழுதினீங்க, படிச்சுக் காட்டுங்க என்று அம்மா கேட்டாள். வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன், தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள், படித்துவிட்டு எனக்கு டீ போடப் போனாள். பத்து நாளைக்குப் பிறகு அவளாகப் போட்ட டீ.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்து உங்கள் வேலையிலும் வீட்டிலும் சமாதானம் தரட்டும், ஜெஸ்டன் குட்டி நீடித்த ஆயுளோடு நல்ல பிள்ளையாக வளரட்டும். அவனுக்குக் குளிரில் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ, நீ ராத்திரி டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. சோபனாவின் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, பத்திரமாக வைத்திருக்க வேண்டாம். அவள் விஷயம் இன்னொரு இடத்தில் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெபராஜ்